கரை சேரும் கறை: கச்சா எண்ணெயின் கடல்வழிப் பயணம்

ஆண்டுதோறும் சுமார் 200 கோடி டன் கச்சா எண்ணெய் கப்பலேறுகிறது. மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கும் நாடுகள் ஒரு பக்கம், அதை எரிக்கும் நாடுகள் மறுபக்கம். இடையில் கிடக்கும் கடல்தான் பாதை. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. சவூதி, இராக், குவைத் முனையங்களில் நிரம்பும் கப்பல்களில் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி அரபிக்கடலுக்கு வருகின்றன. ஒரு பிரிவு குஜராத்தின் கட்ச் வளைகுடாவுக்குத் திரும்புகிறது. சீனா, ஜப்பான், கொரியா போகும் கப்பல்கள் குமரிக்குத் தெற்கே இறங்கி, இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையை ஒட்டிக் கடந்து மலாக்கா நீரிணையை நோக்கிச் செல்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியே மணலி ஆலைக்குப் போகிறது. தமிழர் வாழும் கரைகளின் வாசலில் இந்தப் போக்குவரத்து ஒரு நாளும் நிற்பதில்லை.

டேங்கர்களில் பெரியவற்றுக்குத் துறைமுகங்களில் வி.எல்.சி.சி. என்று பெயர். நீளம் 330 மீட்டர், அகலம் 60 மீட்டர். முழுச் சுமை ஏறியதும் அடிப்பாகம் 20 மீட்டருக்கு மேல் நீருக்குள் அமிழ்ந்துவிடும். ஒரு தடவைக்கு 20 லட்சம் பேரல் கொள்ளும். பேரலுக்கு 159 லிட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 32 கோடி லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் இதை நிரப்ப 26,000க்கும் மேற்பட்ட லாரிகள் வேண்டும். இவ்வளவு சுமையோடு ஓடும் கப்பலின் எஞ்சினை நிறுத்தினாலும், அது பல கிலோமீட்டர் போய்த்தான் நிற்கும். எதிரே பாறையோ இன்னொரு கப்பலோ கண்ணில் பட்ட பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

கச்சா எண்ணெய் ஒரே பொருளும் அல்ல. பெட்ரோல் போல எளிதில் ஆவியாகும் கூறுகளிலிருந்து, சாலை போடும் தார் போன்ற கெட்டிக் கூறுகள் வரை ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்த குழம்பு அது. லேசான எண்ணெய் சீக்கிரம் ஆவியாகும், ஆனால் நச்சு அதிகம். கனமான எண்ணெய் மெல்லவே மாறும், ஒட்டினால் விடாது. எந்த எண்ணெய், எந்தக் கடல், எந்தப் பருவம் என்பதைப் பொறுத்தே பாதிப்பு அமைகிறது. 1993 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவில் மோதிய பிரேயர் கப்பலிலிருந்து 84,700 டன் எண்ணெய் கொட்டியது. அது லேசான எண்ணெய். கடும் புயல் அதைக் கடலோடு கலந்து அடித்துச் சென்றது. கரையில் படிந்தது சொற்பம். அதில் பாதிக்கும் குறைவாகச் சிந்திய இன்னொரு கப்பல் ஒரு கடற்பகுதியையே கால் நூற்றாண்டுக்கு முடக்கிப்போட்டது.

நீரில் விழுந்த பின்

சிந்திய எண்ணெய் முதலில் பரவுகிறது. வானவில் நிறம் காட்டும் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அதனால் ஒரு டன் எண்ணெய் கூட மிகப் பெரிய பரப்பை மூடிவிடும். முதல் ஒன்றிரண்டு நாட்களில் பென்சீன், டொலுவீன் போன்ற லேசான கூறுகள் ஆவியாகின்றன. லேசான கச்சா எண்ணெயானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிக் காற்றில் போய்விடும். கரையோர மக்களுக்குத் தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல் வருவது இந்த நாட்களில்தான்.

மிச்சமிருப்பதை அலை கடைகிறது. மோர் கடையும்போது வெண்ணெய் திரள்வதற்கு மாறாக, இங்கே எண்ணெய்க்குள் நீர்த்துளிகள் புகுந்து சிக்கிக்கொள்கின்றன. பழுப்பு நிறத்தில், களிம்பு போன்ற ஒரு பசை உருவாகிறது. அதில் எழுபது, எண்பது சதவீதம் நீர். ஆகவே சிந்தியதைப் போல மூன்று நான்கு மடங்கு பருமனில் கழிவு வந்து நிற்கிறது. பம்பு வைத்து உறிஞ்சினால் ஏறாது, தீ வைத்தால் எளிதில் பற்றாது. சில நாட்களில் இந்தப் பசை உடைந்து தார் உருண்டைகளாகி மாதக்கணக்கில் மிதக்கிறது. ஒரு பங்கு மணலோடும் சேற்றோடும் ஒட்டி அடியில் படிகிறது. இதையெல்லாம் மெல்லத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் கடலிலேயே இருக்கின்றன. அல்கனிவோராக்ஸ் என்ற பாக்டீரியா எண்ணெயையே உணவாகக் கொண்டு பெருகுவது. ஆனால் அதற்குப் பிராணவாயு வேண்டும், சத்து வேண்டும், வெப்பமும் வேண்டும். குளிர்ந்த கரையின் கற்களுக்கடியில், காற்றுப் புகாத இடத்தில் புதைந்த எண்ணெயிடம் அது நெருங்க முடிவதில்லை.

உயிர்கள் சாவது இரண்டு வழிகளில். முதலாவது, மேலே பூசிக்கொள்வதால். பறவையின் இறகுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு நீர் புகாத போர்வையாக இருப்பவை. ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அந்தப் பின்னல் கலைகிறது. குளிர்நீர் தோலைத் தொடுகிறது, பறவை நடுங்குகிறது, அலகால் இறகைக் கோதிக் கோதி எண்ணெயை விழுங்குகிறது. அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேல் நீட்டியிருக்கும் மூச்சுவேர்களில் நுண்துளைகள் உண்டு. அவை அடைபட்டால் மரம் நின்ற இடத்திலேயே மூச்சுமுட்டிப் பட்டுப்போகும்.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயில் உள்ள பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் நீரில் மிகச் சிறிய அளவில் கரைந்தாலே மீன் முட்டைக்குள் உருவாகும் குஞ்சின் இதயத்தைக் கோணலாக வளர்த்துவிடுகின்றன. முட்டை பொரியும், குஞ்சு நீந்தவும் செய்யும். ஆனால் வேகமாக ஓட வலுவில்லாமல் இரையாகிப்போகும். செத்து ஒதுங்கும் மீனை எண்ணிவிடலாம். பிறந்தும் வளராமல் போன தலைமுறையை யார் எண்ணுவது? பிழைத்த மீனிலும் மண்ணெண்ணெய் வாடை ஏறிவிடுகிறது. மசாலா போட்டுக் குழம்பு வைத்தாலும் போகாத வாடை அது.

அலாஸ்காவின் 1989

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், வால்டீஸ் முனையத்திலிருந்து 1989 மார்ச் 23 இரவு 9 மணியளவில் எக்ஸான் வால்டீஸ் புறப்பட்டது. வயிற்றில் ஏறக்குறைய 12.6 லட்சம் பேரல் கச்சா எண்ணெய். பனிக்கட்டிகள் மிதந்ததால் வழக்கமான தடத்தை விட்டு விலகியது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நள்ளிரவு தாண்டி 4 நிமிடத்தில் பிளை திட்டுப் பாறையில் ஏறி நின்றது. அப்போது கேப்டன் மேல்தளத்தில் இல்லை, மூன்றாம் நிலை அதிகாரியின் பொறுப்பில் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றைச் சுவர்க் கப்பல். 11 சரக்குத் தொட்டிகளில் 8 கிழிந்தன. சுமார் 37,000 டன் எண்ணெய் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற அமைதியான உட்கடலில் இறங்கியது.

அடுத்த மூன்று நாட்கள் கடல் குளம் போலக் கிடந்தது. எண்ணெயை வளைத்துப் பிடிக்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் அவசரத்துக்கென்று வைத்திருந்த படகு பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது, மிதவை வேலிகள் கிடங்கில் பிற பொருட்களோடு கிடந்தன. காகிதத்தில் 5 மணி நேரம் என்று எழுதியிருந்த உதவி வந்து சேரப் பாதி நாளுக்கு மேலானது. பிறகு புயல் வந்தது. எண்ணெய் கைக்கு எட்டாமல் போய், கடைசியில் 2,100 கிலோமீட்டர் கரையைத் தொட்டது. தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

செத்த பறவைகளில் 35,000க்கும் மேற்பட்ட சடலங்கள் கிடைத்தன. சடலம் பெரும்பாலும் மூழ்கிவிடும் என்பதால் மொத்தம் இரண்டரை லட்சம் பறவைகள் இறந்திருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. கடல் நீர்நாய்கள் சுமார் 2,800. மற்ற கடல் பாலூட்டிகளுக்கு இருப்பது போல நீர்நாய்க்குத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது. குளிரைத் தாங்க அதற்கு இருப்பது ரோமம் மட்டுமே, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள். அந்த அடர்த்தியே எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டது. சீல்கள் 300, வெண்தலைக் கழுகுகள் 250 என்று கணக்கு நீள்கிறது. அந்தக் கடலில் மட்டும் வாழும் ஓர்க்கா திமிங்கலக் கூட்டம் ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் அதற்கு ஏ.டி.1 என்று பெயரிட்டிருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அதில் ஒரு குட்டி கூடப் பிறந்ததாகப் பதிவில்லை.

ஹெர்ரிங் நம் ஊர் மத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த மீன். விபத்து நடந்த சில வாரங்களில் அது கரையோரப் பாசியில் முட்டையிட வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1993இல், அதன் கூட்டம் திடீரெனச் சரிந்தது. எண்ணெயா, நோயா, இரைப் பஞ்சமா, எது எவ்வளவு காரணம் என்ற அறிவியல் விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கார்டோவா என்ற சிறு மீன்பிடி ஊருக்கு அந்தப் பருவ வருமானம் திரும்பி வரவில்லை என்பது மட்டும் உறுதி. படகுக்கும் மீன்பிடி உரிமத்துக்கும் வாங்கிய கடன் நிற்க, மீன் போய்விட்டது.

கரையைக் கழுவ 11,000 பேர் வரை இறங்கினார்கள். சுடுநீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிப் பாறைகளைக் கழுவினார்கள். எண்ணெய் கழன்றது. கூடவே பாறையில் ஒட்டியிருந்த மட்டிகளும் பாசிகளும் வெந்துபோயின, மெல்லிய மணல் அரித்துப் போனது. கழுவாமல் விட்ட சில இடங்கள் கழுவிய இடங்களைவிட முன்னதாக உயிர்பெற்றன. 2001இல் ஆய்வாளர்கள் 91 இடங்களில் 9,000 குழிகளைத் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் கற்களுக்கடியில் எண்ணெய் அப்படியே இருந்தது. அங்கே மட்டிகளைத் தோண்டித் தின்னும் நீர்நாய்கள் பழைய எண்ணிக்கைக்கு வரக் கால் நூற்றாண்டு பிடித்தது.

அளவைப் பார்த்தால் இது பெரிய விபத்தே அல்ல. 1979 ஜூலையில் கரீபியன் கடலில், டொபாகோ தீவுக்கருகே அட்லாண்டிக் எம்ப்ரஸ் மற்றொரு டேங்கருடன் மோதியபோது 2,87,000 டன் போனது. 1978 மார்ச்சில் பிரான்ஸின் பிரிட்டனி கரையில் அமோகோ காடிஸ் சுக்கான் பழுதாகி மோதி 2,23,000 டன் சிந்தியது. டன் கணக்கில் வரிசைப்படுத்தினால் எக்ஸான் வால்டீஸ் முதல் முப்பதுக்குள் கூட வராது. குளிர்ந்த, மூடிய, உயிர் நிறைந்த இடத்தில் கொட்டியதால்தான் அது இவ்வளவு அழித்தது.

அள்ளும் கைகள்

சிந்திய எண்ணெயை அள்ளுவதற்கான வழிகள் அரை நூற்றாண்டாகப் பெரிதாக மாறவில்லை. மிதவை வேலியால் வளைத்து, ஸ்கிம்மர் என்ற கருவியால் மேலாக வழித்தெடுப்பது ஒன்று. அலை ஒரு மீட்டருக்கு மேல் எழுந்தால் எண்ணெய் வேலியின் மேலும் கீழும் தப்பிவிடும். திறந்த கடலில் இப்படி மீட்கப்படுவது வழக்கமாகப் பத்து, பதினைந்து சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இன்னொன்று எரிப்பது. அது எண்ணெய் புதிதாக, தடிமனாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியது, கரும்புகை வானேறும். மூன்றாவது, வேதிப்பொருள் தூவி எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் இறக்குவது. கரைக்கும் பறவைக்கும் வரவிருந்த கேட்டை அது மீனுக்கும் முட்டைக்கும் மாற்றிவிடுகிறது.

அந்த மூன்றாவது வழியின் ஆபத்தை முதலில் காட்டியது டோரி கேன்யன். 1967 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் முனைக்கு அருகே பாறையில் மோதி சுமார் 1,19,000 டன் குவைத் எண்ணெய் சிந்திய கப்பல் அது. பிரிட்டிஷ் விமானங்கள் அதன் மேல் குண்டு போட்டு எரித்துப் பார்த்தன. கரையில் சுமார் 10,000 டன் சலவை வேதிப்பொருள் கொட்டப்பட்டது. பாறைகளில் பாசியை மேய்ந்து வாழும் நத்தை இனங்களை எண்ணெயைவிட அந்த வேதிப்பொருளே அதிகம் கொன்றது. அது தெளிக்கப்படாத பாறைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டன. கடுமையாகத் தெளித்த பாறைகளுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலானது.

தமிழகமும் எண்ணெய்ச் சிந்தலின் சிறு வடிவத்தைக் கண்முன்னே பார்த்தது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே எம்.டி. டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கச்சா எண்ணெய் அல்ல, கனரக எரிபொருள் எண்ணெய்தான் கசிந்தது. அளவும் உலகக் கணக்கில் மிகச் சிறியது, சில நூறு டன்னுக்குள். முதலில் பெரிய கசிவு இல்லை என்றே சொல்லப்பட்டது. இரண்டு நாளில் எர்ணாவூர்க் கரையின் பாறை இடுக்குகளில் முழங்கால் அளவுக்குத் தார்க்குழம்பு தேங்கியது. உறிஞ்சும் இயந்திரங்களில் அது ஏறவில்லை. கடலோரக் காவல் படையினரும் மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் பாறைகளில் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் மொண்டு கைமாற்றினார்கள். கையுறை இல்லாதவர்கள் பலர். அது ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம். எண்ணெய் பூசிய பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் பிடித்து வந்தாலும் வாங்க ஆளில்லை. எண்ணெய் பட்ட மீன் என்ற பேச்சு போதும், காசிமேட்டில் ஏலம் படுத்துவிடும்.

விபத்து இல்லாத நாட்களிலும்

பெரிய விபத்துகள் படமாகின்றன, செய்தியாகின்றன. ஆனால் டேங்கர் கடலில் விட்ட எண்ணெயில் நெடுங்காலம் பெரும்பங்கு வகித்தது அன்றாட வேலை. சரக்கை இறக்கிய பின் தொட்டிச் சுவர்களில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்கு வரை ஒட்டியிருக்கும். இரண்டு லட்சம் டன் கப்பலில் இது பல நூறு டன். காலிக் கப்பல் அலையில் தள்ளாடாமல் இருக்க அதே தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவார்கள். மீண்டும் எண்ணெய் ஏற்றும் முன் அந்த நீரையும் கழுவிய கழிவையும் கடலில் விடுவார்கள். 1970கள் வரை இதுதான் உலக வழக்கம், யாரும் ஒளிந்து செய்யவில்லை.

1973இலும் 1978இலும் உருவான மார்போல் ஒப்பந்தம் இதை மாற்றியது. கடல்நீருக்கெனத் தனித் தொட்டி வந்தது. கச்சா எண்ணெயையே பீய்ச்சித் தொட்டியைக் கழுவி, கழுவிய எண்ணெயையும் சரக்கோடு இறக்கிவிடும் முறை வந்தது. இன்று டேங்கர் சட்டப்படி விடக்கூடிய எண்ணெய்க்குக் கணக்கு உண்டு. கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும்போது, மைலுக்கு 30 லிட்டருக்கு மிகாமல், மொத்தம் சரக்கின் முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மூன்று லட்சம் டன் கப்பலுக்கு அது 10 டன். அதையும் மீறி இரவோடு இரவாகக் கழுவிவிடும் கப்பல்கள் இருக்கின்றன. கோவாவின் கடற்கரைகளில் மழைக்காலத்தை ஒட்டிக் காற்று திரும்பும்போது தார் உருண்டைகள் குவிகின்றன. தோனா பவுலாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் அவற்றின் வேதி அடையாளத்தை ஆராய்ந்து, எண்ணெய்க் கிணறுகளோடு, பன்னாட்டுத் தடத்தில் போகும் டேங்கர்களின் கழிவையும் காரணமாகக் கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2003இல் வெளியிட்ட கணக்கு பயனுள்ளது. உலகக் கடல்களில் ஆண்டுக்குச் சேரும் சுமார் 13 லட்சம் டன் எண்ணெயில் 6 லட்சம் டன் கடலடியில் இயற்கையாக ஊறுவது. 4.8 லட்சம் டன் எண்ணெயைப் பயன்படுத்துவதால், அதாவது நகரச் சாக்கடை, ஆறு, சிறு எஞ்சின்கள் வழியே வருவது. எண்ணெயை ஏற்றிச் செல்வதால் சேர்வது 1.5 லட்சம் டன். இந்தக் கணக்கை வைத்துக் கப்பலின் பங்கு சிறிது என்று வாதிடுவோர் உண்டு. அது சரியான வாதம் அல்ல. இயற்கை ஊற்று சொட்டுச் சொட்டாக, ஆயிரம் ஆண்டுகளாகப் பழகிய இடத்தில் வருவது. டேங்கர் ஒரே இரவில், ஒரே வளைகுடாவில் கொட்டுவது.

எண்ணெயோடு சேராத பாதிப்புகளும் உண்டு. காலியாகத் திரும்பும் டேங்கரின் வயிற்றில் நிலைநீராக நிரப்பிய பல்லாயிரம் டன் கடல்நீர் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போகிறது, அதிலுள்ள லார்வா, பாசி, கிருமிகளோடு. இப்படிக் கப்பல் நீரில் அமெரிக்கக் கரையிலிருந்து 1980களில் கருங்கடலுக்குப் போன ஒரு வகை சீப்பு ஜெல்லி அங்கே பெருகி, மீன்குஞ்சையும் இரையையும் தின்று நெத்திலி இனத்தைச் சரித்தது. எண்ணூர், பழவேற்காடு நீர்ப்பரப்பில் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்றழைக்கும் தென்னமெரிக்க மட்டி, இறால் புதையும் சேற்றைப் பாய் விரித்தது போல மூடியிருக்கிறது. எந்த வகைக் கப்பலானாலும் அதன் நிலைநீரோடு அது வந்திருக்கும் என்பதே பரவலான கருத்து. நிலைநீரைச் சுத்திகரித்தே விடவேண்டும் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 2004இல் எழுதப்பட்டு 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

எண்ணெய் ஏற்றும்போது தொட்டியிலிருந்து வெளியேறும் ஆவி காற்றில் ஓசோனை உண்டாக்குகிறது. கப்பல் எரிக்கும் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்ற வரம்பு 2020இல் 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸ கடலில் நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தின் மேலேயே கப்பல் தடம் ஓடுகிறது, மோதிச் சாகும் திமிங்கலங்கள் கரை ஒதுங்குகின்றன.

விபத்துக்குப் பின்னே வந்த சட்டங்கள்

டேங்கர் பாதுகாப்பின் வரலாற்றில் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு கப்பல் கிடக்கிறது. டோரி கேன்யன் உடைந்தபோது, அமெரிக்கச் சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு, கப்பலில் மிஞ்சிய பொருளின் மதிப்பு அளவுக்குத்தான் என்ற வாதம் எழுந்தது. மிஞ்சியது ஒரே ஓர் உயிர்காப்புப் படகு, மதிப்பு 50 டாலர். அந்த அதிர்ச்சியில்தான் 1969இல் எண்ணெய் மாசுக்கு உரிமையாளரே பொறுப்பு என்ற பன்னாட்டு ஒப்பந்தமும், பின்னர் மார்போலும் வந்தன. எக்ஸான் வால்டீஸுக்குப் பிறகு 1990இல் அமெரிக்கா இரட்டைச் சுவரைக் கட்டாயமாக்கியது. 1993 ஜூலைக்குப் பிறகு கட்ட ஒப்பந்தமான பெரிய டேங்கர்களுக்கு உலகெங்கும் அதுவே விதி. வெளிச்சுவருக்கும் சரக்குத் தொட்டிக்கும் நடுவே பெரிய கப்பல்களில் இரண்டு மீட்டர் இடைவெளி இருக்கும். மெதுவாக மோதினால் வெளிச்சுவர் மட்டும் கிழியும்.

2002 நவம்பரில் ஸ்பெயினின் கலீசியா கரைக்கு அப்பால் பிரஸ்டீஜ் என்ற 26 வயது ஒற்றைச் சுவர்க் கப்பல் விரிசல் விட்டது. அடைக்கலம் கொடுத்தால் தங்கள் கரை கெடும் என்று அதை நடுக்கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னார்கள். ஆறு நாள் அலைக்கழிந்து இரண்டாக உடைந்தது. 63,000 டன் கனரக எண்ணெய் ஸ்பெயினிலிருந்து பிரான்ஸ் வரை கரையைக் கறுப்பாக்கியது. ஒரு துறைமுகத்துக்குள் விட்டிருந்தால் ஒரு விரிகுடாவோடு போயிருக்கும் என்று பலரும் கருதுகிறார்கள். ஒற்றைச் சுவர்க் கப்பல்களை ஒழிப்பது அதன் பின்னர் மேலும் விரைவாக்கப்பட்டது.

இந்த விதிகள் பலன் தந்தன. 7 டன்னுக்கு மேற்பட்ட டேங்கர் சிந்தல்கள் 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 79 இருந்தன. 2010களில் அது ஏழுக்கும் கீழே வந்தது. கடல்வழி எண்ணெய் வணிகம் அதே காலத்தில் வளர்ந்தது. சுற்றுச்சூழல் விதிகளால் பயனில்லை என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

வயதேறிய கப்பல்கள்

டேங்கர் இருபது ஆண்டு உழைத்ததும் உடைப்பதற்குப் போவது வழக்கம். எக்ஸான் வால்டீஸும் பல பெயர்கள் மாறி, தாது ஏற்றும் கப்பலாகி, 2012இல் ஓரியண்டல் நைசிட்டி என்ற பெயரில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்தது. நச்சுக்கழிவு இருக்கும் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, அனுமதி கிடைத்த பின் உடைக்கப்பட்டது. உடைக்கும் தளத்தின் மண்ணிலும் எண்ணெய்ச் சேறும் ஆஸ்பெஸ்டாஸும் மிஞ்சுகின்றன. அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஹாங்காங் ஒப்பந்தம் 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது.

2022க்குப் பிறகு உடைப்புத் தளத்துக்குப் போகவேண்டிய கப்பல்கள் பல கடலிலேயே சுற்றுகின்றன. ரஷ்யா, இரான், வெனிசுவேலா எண்ணெய் மீதான தடைகளைச் சுற்றிக்கொண்டு போக, நூற்றுக்கணக்கான பழைய டேங்கர்களைக் கொண்ட ‘நிழல் கப்பல் படை’ உருவாகியிருக்கிறது. கொடி அடிக்கடி மாறும், உரிமையாளர் ஒரு முகவரிப் பெட்டிக்குப் பின்னால் இருப்பார், காப்பீடு நம்பத்தக்கதல்ல. இருக்குமிடத்தைக் காட்டும் கருவியை அணைத்துவிட்டு நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெயை மாற்றுகின்றன. பழைய கப்பல் என்ன செய்யும் என்பதை 2024 டிசம்பர் 15 காட்டியது. கருங்கடலின் கெர்ச் நீரிணைப் பகுதியில், அரை நூற்றாண்டு வயதான இரண்டு ரஷ்ய ஆற்று டேங்கர்கள் புயலில் சிக்கின. ஒன்று நடுவே முறிந்தது. ஆயிரக்கணக்கான டன் கனரக எண்ணெய் கரையேறியது.

இலங்கையின் கிழக்குக் கரை தப்பியது மயிரிழையில். 2020 செப்டம்பர் 3 அன்று, குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு போன நியூ டயமண்ட், அம்பாறை மாவட்டம் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் தீப்பிடித்தது. எஞ்சின் அறையில் ஒரு மாலுமி இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் நாட்கணக்கில் போராடி அணைத்தன, அணைந்தது மறுபடி பற்றியது. தீ சரக்குத் தொட்டிகளை எட்டவில்லை, கப்பல் ஓட்டத்துக்கான எரிபொருள்தான் கசிந்தது. எக்ஸான் வால்டீஸ் சிந்தியதைப் போல ஏழு மடங்கு எண்ணெய் திருக்கோவில், பொத்துவில் கரைவலைக்காரர்களின் கடலில் நின்றிருந்தது.

அப்படிக் கொட்டியிருந்தால் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. உரிமையாளரின் காப்பீட்டுக்கு மேல், எண்ணெய் வாங்கும் நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் 1992 பன்னாட்டு நிதியத்தில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர்கள். காப்பீடு பொய்யென்றாலும் நிதியம் கொடுக்கும். ஆனால் ஒரு விபத்துக்கு உச்சவரம்பு உண்டு, பாதிப்பு நேர்ந்து மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். இழப்பை ஆவணத்தால் காட்டவும் வேண்டும். 2007 டிசம்பரில் தென் கொரியாவின் தேஅன் கரைக்கு அப்பால் ஹெபெய் ஸ்பிரிட் சுமார் 10,900 டன் கச்சா எண்ணெயைச் சிந்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்து, துணியால் கல் கல்லாகத் துடைத்தார்கள். இழப்பீட்டு மேசையில் திணறியவர்கள் வற்றும் அலையில் வெறுங்கையால் சிப்பி பொறுக்கிப் பிழைத்தவர்கள். அவர்களிடம் உரிமமும் இல்லை, விற்ற ரசீதும் இல்லை. விடியற்காலையில் கரையிலேயே ஏலம் போய், கைக்குக் கை காசு மாறும் மீனுக்குத் தமிழ்க் கரைகளிலும் ரசீது கிடையாது.